அடுத்த செக்

காண்ட்ராக்டர் செத்துப்போய்விட்டார் என்று கேட்டதும் நெட்டைக்கு முதலில் நெஞ்சில் வந்து விழுந்தது அழுகை அல்ல, செக். அழுகை பிறகு வந்தது. பொய் அழுகை இல்லை, நிஜமாகவே வந்ததுதான். ஆனால் இரண்டாவதாக வந்தது.

அன்று தளம் போடும் நாள். ஜல்லிக் குவியலுக்குப் பக்கத்தில் நின்று சும்மாட்டுத் துணியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். கம்பி கட்டுகிறவன் வண்டியை அணைக்காமல், ஒரு காலை ஊன்றியபடியே சொன்னான்.

"முதலாளி போயிட்டாரு. ராத்திரி நெஞ்சு வலிக்குதுன்னு எந்திரிச்சு உக்காந்தாராம். உக்காந்த மேனிக்கே போயிட்டாராம்."

"எந்த முதலாளி?" என்று கேட்டாள் நெட்டை.

அவளுக்கு இருந்தது ஒரே முதலாளிதான். கம்பிக்காரன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, கொத்தனாரிடம் சொல்லப் போய்விட்டான்.

பக்கத்தில் நின்ற ஓரகத்தி அவள் முழங்கையைப் பிடித்தாள். மூத்தவனுக்கு வாக்கப்பட்டவள் என்பதால் அவளைப் பெரியவள் என்பார்கள். நெட்டை இளையவனின் பெண்டாட்டி. பெயர் உயரத்தால் வந்தது. அண்ணனும் தம்பியும் எங்கோ தூரத்தில் சாலை போடும் வேலையில் இருந்தார்கள். நினைத்தால் பணம் அனுப்புவார்கள். பெண்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டில், நடுவில் ஒரு தட்டியை வைத்து மறைத்துக்கொண்டு, ஒரே காண்ட்ராக்டரிடம் கலவைச் சட்டி தூக்கினார்கள். வீட்டில் ஒரு குடம் தண்ணீருக்கு ஊர் கேட்கச் சண்டை போடுவார்கள். வேலைக்கு வந்துவிட்டால் ஒருத்தி கையிலிருந்து இன்னொருத்தி கைக்குச் சட்டி மாறும்போது ஒரு சொட்டுக் கலவை சிந்தாது.

"செக்கு?" என்றாள் பெரியவள், உதட்டை அசைக்காமல்.

நெட்டை தலையாட்டினாள். இரண்டு பேருக்கும் ஒரே நினைப்புதான் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தக் காண்ட்ராக்டரிடம் வேலை செய்த பெண்கள் வாரக் கூலியை முழுதாக வாங்க மாட்டார்கள். வீட்டுச் செலவுக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு, "மீதி உங்ககிட்டயே இருக்கட்டும்ணே" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார்கள். வீட்டுக்குக் கொண்டுபோனால் காசு தங்காது. புருஷன் கேட்பான், நாத்தனார் கேட்பாள், கூரை ஒழுகும். அவரிடம் கிடந்தால் யாரும் கை நீட்ட முடியாது. அவர் அதை எங்கும் எழுதி வைத்தவரும் இல்லை. எவளுக்கு எவ்வளவு என்பதெல்லாம் தலைக்குள்ளேயே இருந்தது. கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார், சரியாக இருக்கும்.

போன வாரம் இரண்டு பேரும் போய் அவர் முன்னால் நின்றார்கள்.

"மொத்தமா வேணும்ணே," என்றாள் நெட்டை. "கலவை மிஷின் ஒண்ணு விலைக்கு வருது. ரெண்டு பேரும் பாதிப் பாதி போட்டு வாங்கிடலாம்னு இருக்கோம்."

அவர் சிரித்தார். "நீங்க ரெண்டு பேரும் ஓனர் ஆயிட்டா எனக்கு யாரு சட்டி தூக்குறது? நானா?"

"தூக்குங்களேன். கூலி போட்டுத் தர்றோம்," என்றாள் பெரியவள்.

"வாயப் பாரு! நான் சட்டி தூக்கினா உன் மிஷின் வெறுமனே சுத்திக்கிட்டு நிக்கும்."

அவ்வளவு ரொக்கம் கையில் இல்லை என்று ஆளுக்கு ஒரு செக் எழுதினார். சிமெண்ட் மூட்டை மேல் செக் புத்தகத்தை வைத்து, எழுத்தில் எழுதியதும் எண்ணில் எழுதியதும் ஒத்துப்போகிறதா என்று விரலை வைத்துப் படித்துப் பார்த்து, கையெழுத்துப் போட்டார். வயதில் மூத்தவள் என்று பெரியவளுடையதை முதலில் கிழித்தார். அடுத்தது நெட்டையுடையது.

"உங்க பேங்குல போடுங்க. ஒரு நாள் ரெண்டு நாள்ல ஏறிடும். என் கணக்குல பணம் கெடக்கு, பயப்படாதீங்க."

வேலையை விட்டுப் போக முடியாமல் நேற்றுத்தான் தங்கள் பேங்கில் கொண்டுபோய்ப் போட்டார்கள். மிஷின்காரர் இன்று சாயங்காலம் வரைதான் காத்திருப்பார். ரொக்கத்தோடு வேறொரு கோஷ்டி வந்து விலை பேசிவிட்டுப் போயிருந்தது.

"நீ பேங்குக்குப் போ," என்றாள் பெரியவள். "நம்ம பேங்குக்கு இல்ல. அவரு பேங்குக்கு. காசு கெடக்கிறது அங்கதான். வீட்டு ஆளுங்க வந்து வழிச்சு எடுக்குறதுக்குள்ள நம்மளது வெளிய வந்துடணும். வர்ற வரைக்கும் எடத்த விட்டு அசையாத."

"நீ வரலையாக்கா?"

"நான் சாவு வீட்டுக்குப் போறேன். ரெண்டு பேருமே போகலைன்னா நல்லாருக்காது. ஒருத்தி காசுகிட்ட நிப்போம், ஒருத்தி பொணத்துகிட்ட நிப்போம்."

கூலி விஷயத்தில் அவர்களுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். பணம் வைத்திருப்பவன் கண்ணில் படும்படி நின்றுகொண்டே இருக்க வேண்டும். நின்றால் எரிச்சல்பட்டாவது தருவான். உட்கார்ந்தால் நாளைக்கு வா என்பான்.

பேங்கின் கண்ணாடிக் கதவைத் தள்ளியதும் குளிர் முகத்தில் அடித்தது. காவலாளி முதலில் பார்த்தது அவள் காலை. விரலிடுக்கில் சிமெண்ட் காய்ந்து வெள்ளையாக இருந்தது.

"என்னம்மா வேணும்?"

"செக்கு போட்டிருக்கேன். பாஸாச்சான்னு பாக்கணும்."

"இந்த பேங்குலயா போட்டீங்க?"

"வேற பேங்குல. ஆனா காசு இங்கதான இருக்கு?"

காவலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எல்லாரும் குழாயடியில நிப்பாங்க. நீங்க நேரா தொட்டிக்கே வந்துட்டீங்க. போங்க, கடைசி மேஜை. கண்ணாடி போட்டிருப்பாரு."

கடைசி மேஜைக்காரர் நடுவயதுக்காரர். சட்டைப் பையில் பேனா மை கசிந்து ஒரு நீலப் பொட்டு. எதிரில் கம்ப்யூட்டர் திரையில் செக்குகளின் படம் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தது. அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு, உங்கள் பேங்கில் போய்க் கேளுங்கள், இங்கே சொல்லக்கூடாது என்றார்.

"சரி சார். நான் நின்னுக்கறேன்."

"எதுக்கு?"

"பாஸாகுற வரைக்கும்."

"நிக்கிறதால செக்கு பாஸாகாதும்மா."

"நிக்காம எங்களுக்கு எதுவுமே பாஸானதில்ல சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே அவளைப் பார்த்தார். பிறகு நாற்காலியைக் காட்டினார். அவள் உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உங்க செக்கு இப்ப எங்க இருக்கு தெரியுமா?" என்று அவரே ஆரம்பித்தார். காலையிலிருந்து படங்களோடு மட்டும் பேசிக்கொண்டிருந்த ஆளுக்கு ஒரு மனுஷ முகம் கிடைத்தது சந்தோஷமாக இருந்திருக்கும். "உங்க பேங்க் அலமாரியிலயே இருக்கு. இங்க வர்றது அதோட போட்டோதான். எல்லா பேங்கும் தன்கிட்ட வந்த செக்கப் படம் புடிச்சு ஒரு பொது எடத்துக்கு அனுப்பும். கிளியரிங்னு பேரு. அங்க பிரிச்சு, எந்த செக்கு எந்த பேங்க் மேல எழுதினதோ அந்த பேங்குக்குத் தள்ளி விட்டுடுவாங்க. உங்களது எங்க பேங்க் மேல எழுதினது. அதனால என் தலையில."

"அப்ப காசு எப்படிப் போகும்? வண்டியிலயா?"

"வண்டியெல்லாம் கெடையாது. நாங்க அவங்களுக்குக் குடுக்க வேண்டியது இவ்வளவு, அவங்க எங்களுக்குக் குடுக்க வேண்டியது இவ்வளவு. ரெண்டையும் கழிச்சுப் பாப்போம். மிச்சம் யாருக்கு வரணுமோ அத மட்டும் மாத்திக்குவோம்."

"நானும் என் ஓரகத்தியும் அப்படித்தான் சார். அவ எங்கிட்ட அரிசி வாங்கியிருப்பா, நான் அவகிட்ட எண்ணெய் வாங்கியிருப்பேன். மாசக் கடைசியில கழிச்சுக்குவோம். கழிச்சு முடிச்சதும் சண்டை போட்டுக்குவோம்."

"பேங்கும் அதேதாம்மா," என்று அவர் சிரித்தார். "சரி, இங்க வாங்க. வெளியாளுக்குக் காட்டக்கூடாது. நீங்க எதையும் பாக்கல. என்ன?"

"பாக்கல சார்."

திரையை அவள் பக்கம் லேசாகத் திருப்பினார். காண்ட்ராக்டரின் கையெழுத்தை நெட்டை தூரத்திலிருந்தே கண்டுகொண்டாள். கொக்கி மாதிரித் தொடங்கி வால் மாதிரி முடியும்.

"இது உங்களுதா?"

பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தாள். "இல்ல சார். இது என் ஓரகத்தியோடது."

அவர் வேலையைச் செய்தார். தேதியைப் பார்த்தார். எழுத்தையும் எண்ணையும் ஒப்பிட்டார். பேங்கில் வைத்திருந்த மாதிரிக் கையெழுத்தைப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார். கணக்கில் பணம் இருக்கிறதா என்று பார்த்தார். மவுஸை ஒரு தட்டுத் தட்டினார். படம் போய்விட்டது.

"அவ்வளவுதான். உங்க ஓரகத்தி காசு போயிடுச்சு. இனி யாரு நெனைச்சாலும் புடிக்க முடியாது."

அடுத்த படம் வந்தது. அது நெட்டையுடையது.

"இதான் உங்களுது. தேதி சரி. பேரு சரி. தொகை சரி. கையெழுத்து..." முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "வாலு கொஞ்சம் நீண்டுபோச்சு. ஆனா அவருதுதான். பணமும் இருக்கு."

நெட்டைக்குக் கண் நிறைந்துவிட்டது. காலையிலிருந்து அடைத்துக் கிடந்தது அப்போதுதான் உடைந்தது. பாக்கி வைக்காமல் கூலியை முழுதாகத் தருகிறவருக்கு, வாங்கும்போதே முகத்துக்கு நேராக ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட வேண்டும். சட்டி தூக்குகிற பெண்களிடையே அது எழுதாத கட்டளை. சொல்லாமல் காசை முடிந்துகொண்டு போகிறவளைத் திருடி என்பார்கள். சொல்வதற்கு இப்போது அந்த முகம் இல்லை. எனவே அவருடைய பேங்குக்காரர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"தங்கமான மனுஷன் சார். ராத்திரி செத்துப்போனாரு. செத்தும் எங்க கூலியில கை வெக்கல பாருங்க."

மவுஸின் மேல் இருந்த விரல் அப்படியே நின்றது.

"யாரு செத்தது?"

"எங்க காண்ட்ராக்டர் அண்ணன்தான் சார். இந்தா, இந்தக் கையெழுத்துப் போட்டவரு." திரையில் இருந்த வாலைத் தொட்டுக் காட்டினாள்.

அவர் மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். சுடுபாத்திரத்தைத் தொட்டுவிட்டவர் போல் இருந்தது.

"ஏம்மா சொன்னீங்க?" என்றார் கடைசியில்.

நெட்டைக்கு அவர் கேட்டது விளங்கவில்லை. செத்தவரைத் தெரிந்தவர் போலிருக்கிறது, துக்கத்தில் பேசுகிறார் என்று நினைத்தாள்.

"எழுதினவரு செத்துட்டாருன்னு பேங்குக்குத் தெரிஞ்சா அந்த நிமிஷமே அவரு செக்கு எல்லாத்தையும் நிறுத்தணும்மா. கணக்கப் பூட்டணும். வேற வழியே இல்ல."

"நிறுத்தணும்னா?"

"இத நான் பாஸ் பண்ண முடியாது."

பணம் எண்ணும் இயந்திரம் எங்கோ பக்கத்தில் படபடவென்று ஓடி நின்றது.

"உசுரோட இருக்கும்போது போட்ட கையெழுத்து சார் அது. என் கண்ணு முன்னாடி போட்டாரு."

"தெரியுதும்மா."

"இப்பத்தான சார் என் ஓரகத்தியோடத விட்டீங்க! அப்பவும் அவரு செத்துத்தான கெடந்தாரு?"

"கெடந்தாரு. ஆனா எனக்குத் தெரியாது. அவரு எப்ப செத்தாருங்கிறது கணக்கு இல்ல. எனக்கு எப்பத் தெரியுதுங்கிறதுதான் கணக்கு."

"அப்ப என் வாயால..."

அவர் குனிந்து மேஜையைப் பார்த்தார்.

நெட்டை நாற்காலியின் முதுகை விட்டுவிட்டு மேஜையின் விளிம்பைப் பிடித்தாள்.

"நான் சொல்லலைன்னு வெச்சுக்குங்க சார்."

"காதுல விழுந்துடுச்சேம்மா."

"உங்க காதுல மட்டும்தான விழுந்துச்சு? வேற யாருக்கும் கேக்கல. நான் மெதுவாத்தான் சொன்னேன்."

"எனக்குத் தெரிஞ்சா பேங்குக்குத் தெரிஞ்ச மாதிரி."

"அவரு சாகலை சார். பொய் சொன்னேன். எனக்குப் புத்தி சரியில்ல. சாரத்துலேர்ந்து விழுந்ததுலேர்ந்து இப்படித்தான், வாயில வந்ததச் சொல்லுவேன். நல்லாத்தான் இருக்காரு. காலையில கூட என்னைத் திட்டினாரு. தண்ணி ஜாஸ்தியா ஊத்திட்டேன்னு..."

சொல்லிக்கொண்டே போனாள். செத்த மனுஷனை எழுப்பி உட்கார வைத்து, பல் துலக்க வைத்து, வேலைத்தளத்துக்கு அனுப்பி வைத்தாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தால் யாரும் நம்ப மாட்டார்கள் என்பது அவளுக்கே தெரிந்தது. கையால் வழித்துத் துடைத்தாள். காய்ந்த சிமெண்ட் கண்ணில் பட்டு எரிந்தது.

அவர் மவுஸைப் பார்த்தார். ஒரு தட்டு. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. கை மடியிலிருந்து கொஞ்சம் எழுந்தது. கை திரும்ப மடியில் விழுந்தது.

"எனக்கு ரெண்டு பொண்ணும்மா," என்றார். "தெரிஞ்சே விட்டேன்னு நாளைக்கு வெளிய வந்தா வேலை போயிடும். இந்தப் பணத்தையும் என் சம்பளத்துல புடிப்பாங்க. மன்னிச்சுக்குங்க."

எழுந்து கண்ணாடி அறைக்குள் போனார். மேனேஜர் அம்மா அவரோடு வெளியே வந்தாள். சுருக்கமாகப் பேசுகிற பெண். நெட்டையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வாய் வார்த்தைய வெச்சு ஒருத்தரச் செத்தவராக்க முடியாது, அவரு நம்பருக்கே போட்டுக் கேட்டுடுவோம்," என்றாள்.

நெட்டைக்கு உயிர் வந்தது. சாவு வீட்டில் யார் போனை எடுக்கப்போகிறார்கள்? எடுக்காவிட்டால் இவர்களுக்கு எப்படித் தெரியும்? எடுக்காதே, எடுக்காதே என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டாள்.

மேனேஜர் அம்மா மேஜையில் இருந்த போனில் ஒலிபெருக்கியை அமுக்கினாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. நின்றது. மறுபடியும் போட்டாள். மறுபடியும் அடித்தது. மேஜைக்காரர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அவரும் அதையேதான் வேண்டிக்கொண்டிருந்தார் போல.

யாரோ எடுத்தார்கள். பின்னால் பெண்கள் அழும் சத்தம் வந்தது. அதற்கு மேலாக ஒரு குரல், பாத்திரம் கழுவுகிற இடத்திலிருந்து ஓடிவந்து எடுத்த மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டு: "அலோ, யாருங்க?"

அது பெரியவளின் குரல்.

"பேங்குலேர்ந்து பேசறோம். சார் இருக்காரா?"

"அக்கா, சொல்லாத!" என்று நெட்டை கத்தினாள். மேஜையின் மேல் பாய்ந்தாள். காவலாளி ஓடிவந்து தோளைப் பிடித்தான்.

"சத்தமா பேசுங்க, இங்க ஒரே கூட்டம்," என்றாள் பெரியவள் போனில். "முதலாளி ராத்திரியே தவறிட்டாருங்க. யாரும் எடுக்கலைன்னு நான் எடுத்தேன். நான் அவருகிட்ட வேலை செய்யுறவ. முதலாளி சம்சாரத்தக் கூப்பிடவா?"

"வேண்டாம்மா. வருத்தமா இருக்கு. வெச்சிடுங்க."

மேனேஜர் அம்மா கம்ப்யூட்டரைக் காட்டித் தலையசைத்தாள். மேஜைக்காரர் உட்கார்ந்தார். இந்தத் தடவை அவர் விரல் நிற்கவில்லை. நெட்டையின் செக் திரையிலிருந்து போனது. போன விதம் பெரியவளுடையது போன மாதிரியேதான் இருந்தது. பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு வித்தியாசமே தெரியவில்லை.

"காரணத்தோட உங்க பேங்குக்குத் திரும்பிப் போகும்மா," என்றார். "அவரு வீட்டுல கேளுங்க. வாரிசுக்காரங்க பேப்பர் எல்லாம் குடுத்துக் கணக்கத் தெறந்து, அவங்களா மனசு வெச்சுக் குடுத்தாத்தான் உண்டு. நாளாகும்."

"என் ஓரகத்தியோடதையும் திருப்பிடுவீங்களா?"

"தெரியறதுக்கு முன்னாடி விட்டது. அது செல்லும்."

நல்லவேளை என்று சொல்ல நெட்டை வாயைத் திறந்தாள். அந்த வார்த்தை வரவில்லை. அதுவும் போயிருக்கலாம் என்ற நினைப்புத்தான் முன்னால் வந்து நின்றது. தன் மனசில் அப்படி ஒன்று கிடந்தது அவளுக்கே தெரியாது. பயந்துபோய் வெளியே நடந்தாள். காவலாளி கதவைத் திறந்துவிட்டான். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

சாவு வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் நிறைந்திருந்தன. கூடத்தின் நடுவில் காண்ட்ராக்டர் படுத்திருந்தார். தாடையைச் சுற்றித் துணி கட்டியிருந்தார்கள். நெட்டை கால்மாட்டில் நின்று அவர் தலையைப் பார்த்தாள். வாராவாரம் விட்டுவைத்த கூலியின் கணக்கு முழுக்க அந்தத் தலைக்குள்தான் இருந்தது.

அவருடைய தம்பி போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

"பேங்குல கணக்கப் பூட்டிட்டாங்களாம்! இன்னும் பொணத்த எடுக்கல. செலவுக்குப் பணம் வேணும், அண்ணி கையில ஒண்ணும் இல்ல. எவன் போய்ச் சொன்னான் அதுக்குள்ள?"

"என் செக்கும் உள்ள இருக்குங்க," என்றார் கூட்டத்தில் நின்ற பெயிண்டர், மெதுவாக.

"இருந்தா ஆதாரத்தோட வாங்க. காரியமெல்லாம் முடியட்டும், பேசிக்கலாம். அண்ணன் யார் யாருக்கு என்ன தரணும்னு எங்களுக்கு என்ன தெரியும்?"

நெட்டை சுவரோரமாக நகர்ந்து கொல்லைப்பக்கம் போனாள். பெரியவள் குழாயடியில் குத்துக்காலிட்டுத் தம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டியா? ஆச்சா?" என்றாள் நிமிராமல். "அந்த பேங்க்காரங்க இங்க கூட போன் பண்ணாங்கடி. நான்தான் எடுத்தேன். பாவம், விவரம் தெரியாம அவரக் கேட்டாங்க."

"உன்னோடது ஆயிடுச்சுக்கா."

"உன்னோடது?"

நெட்டை சொன்னாள். ஒரு நல்ல வார்த்தை சொன்னதையும், பேங்குக்காரர் கை நின்றதையும், போனில் கேட்ட குரலையும் சொன்னாள். பெரியவளின் கையிலிருந்த தம்ளரில் தண்ணீர் நிரம்பி வழிந்து, முழங்கை வழியாக மடியில் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் குழாயை மூடவில்லை.

"நானாடி?" என்றாள். "நான் எடுத்ததாலயா?"

"மொதல்ல நான்தான் சொன்னேன். நீ உறுதி பண்ணின."

"அடிப்பாவி. வாயத் தெச்சுட்டு நிக்க வேண்டியதுதான? நிக்கத்தான சொன்னேன், பேசவா சொன்னேன்?"

"கூலி குடுத்தவரப் பத்தி ஒரு வார்த்தை சொல்லாம எப்படிக்கா வாங்குறது? நீயா இருந்தாலும் சொல்லியிருப்ப."

பெரியவள் வாதாடவில்லை. அதுதான் நெட்டையை இன்னும் பயமுறுத்தியது. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, இடுப்பில் சொருகியிருந்த போனை எடுத்துப் பார்த்தாள். பேங்கிலிருந்து செய்தி வந்திருந்தது. படித்தாள். நெட்டையிடம் காட்டவில்லை. காட்டாமல் மறுபடி இடுப்பில் சொருகினாள்.

மிஷின்காரரின் கொட்டகைக்கு இரண்டு பேரும் சேர்ந்தேதான் போனார்கள். பேங்கில் பெரியவள் பணம் எடுக்கும்போது நெட்டை வெளியே நின்றாள். மீதிப் பாதிக்காக அடகுக்கடையில் பெரியவள் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி வைத்தபோதும் வெளியேதான் நின்றாள். யாரும் அவளை உள்ளே வராதே என்று சொல்லவில்லை.

"இன்னிக்கு விட்டா போயிடும்," என்றாள் பெரியவள், வெளியே வந்து. கழுத்து வெறுமையாக இருந்தது. சங்கிலி கிடந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது. "நான் வாங்கிப் போடறேன். உன் காசு வந்ததும் பாதி உனக்குத்தான். நான் ஒண்ணும் மாத்திப் பேசுறவ இல்ல."

"தெரியும்க்கா."

"வரும்டி. முதலாளி சம்சாரம் நல்லவங்க. அவரு தம்பிதான் ஒரு மாதிரி. ஆனா வரும்."

"வரும்."

மிஷின்காரர் பணத்தை எண்ணி முடித்துவிட்டு ரசீதுப் புத்தகத்தைத் திறந்தார். "யாரு பேர்ல போடட்டும்? ரெண்டு பேருன்னு சொன்னீங்களே?"

பெரியவள் மிஷினின் டிரம்மைப் பார்த்துக்கொண்டு தன் பெயரைச் சொன்னாள். அவர் எழுதினார்.

"ஓனர் இப்படி வாங்க. எப்படிக் கிளப்புறதுன்னு ஒரு தரம் பாத்துக்குங்க. அப்புறம் ஓடலைன்னு என்னைத் தேடி வராதீங்க."

பெரியவள் போனாள். அவர் கயிற்றை இழுத்துக் காட்டினார். மூன்றாவது இழுப்பில் மிஷின் உறுமிப் புகையைக் கக்கியது. டிரம் மெல்லச் சுற்ற ஆரம்பித்தது. பெரியவளின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. எத்தனையோ வருஷம் அந்த டிரம்முக்கு முன்னால் ஓடிய பெண்ணுக்கு அதன் பின்னால் நின்று பார்க்க அன்றுதான் கிடைத்தது.

"கொஞ்சம் ஜல்லி, மணல் போட்டு ஓட்டிப் பாருங்க. கலக்குதா இல்லையான்னு உங்க கண்ணாலயே பாத்துக்குங்க," என்று கத்தினார் மிஷின்காரர், சத்தத்துக்கு மேலாக.

கொட்டகை மூலையில் ஜல்லி கிடந்தது. பக்கத்தில் இரண்டு சட்டிகள் கவிழ்ந்து கிடந்தன. சொல்லி முடிப்பதற்குள் நெட்டை நடந்துபோய் ஒரு சட்டியை நிமிர்த்தி, ஜல்லியை வாரி, இடுப்பில் ஏற்றிக் கொண்டுவந்து டிரம்மில் கொட்டினாள். திரும்பிப் போய் மணலை வாரிக் கொட்டினாள். அவளைச் செய்யச் சொன்னவர் யாரும் இல்லை. மூன்றாவது நடைக்குத் தண்ணீர் வாளியைத் தூக்கியபோதுதான் தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று தெரிந்தது. இரண்டாவது சட்டி கவிழ்ந்த இடத்திலேயே கிடந்தது.

பெரியவளும் அதைப் பார்த்தாள். கயிற்றுக்குப் பக்கத்திலிருந்து ஓரடி எடுத்து வைத்தாள், சட்டியை எடுக்க வருகிறவள் மாதிரி. அப்போது டிரம்முக்குள் கலவை ஒரு பக்கமாக ஒதுங்கியது. அவள் கண் அங்கே போனது. கால் நின்றுவிட்டது.

"தண்ணி கம்மியா ஊத்து," என்றாள்.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். வாளியைச் சாய்த்தபடி நெட்டை அவளைப் பார்த்தாள். மிஷின் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. நெட்டை வாளியைக் கொஞ்சம் நிமிர்த்தி, தண்ணீரைக் குறைத்தாள்.